சுழி பார்ப்பதா, குளம்பு பார்ப்பதா? அந்தியூர் குதிரைச் சந்தைக்கு ஒரு பயணம்

ஈரோட்டில் பஸ் ஏறி, பவானியில் கூடுதுறையைத் தாண்டி, ஜமக்காளத் தறிகளின் ஓசை கேட்கும் தெருக்களைக் கடந்து வடக்கே போனால் ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் அந்தியூர் வந்துவிடும். வெற்றிலைக்குப் பெயர்போன ஊர். ஊருக்கு அப்பால் பர்கூர் மலை சுவர் போல நிற்கிறது. அந்த மலையில் ஏறும் ரோடு கர்நாடகத்தின் கொள்ளேகாலத்துக்குப் போகிறது. வருஷத்தில் மற்ற நாட்களில் அந்தியூர் ஒரு சாதாரண சந்தை ஊர்தான். ஆடி மாதத்தில் மட்டும் அதன் முகமே மாறிவிடும்.

அந்தியூரை ஒட்டியுள்ள புதுப்பாளையத்தில் குருநாதசாமி கோயில் இருக்கிறது. ஆடிப் பெருந்தேர்த் திருவிழா இங்கே பெரும்பாலும் ஆகஸ்ட் முதல் பாதியில் வரும் ஒரு புதன்கிழமையில் தொடங்கும். உயரமான மகமேரு தேர்களைப் பக்தர்கள் தோளில் சுமந்து வனக்கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். சக்கரமே இல்லாத தேர் ஜனக்கடலில் மிதந்து போவதைப் பார்க்கவே ஒரு கூட்டம் வரும். இன்னொரு கூட்டம் வருவது, அதே நாட்களில் கூடும் கால்நடைச் சந்தைக்கு. அதிலும் குறிப்பாக, குதிரைகளுக்கு!

காங்கேயம் காளைகள், பர்கூர் மலை மாடுகள், நீண்ட காது தொங்கும் ஜமுனாபாரி ஆடுகள், முயல், புறா என்று எல்லாம் உண்டு. ஆனாலும் ராட்டினத்தில் ஏறிய குழந்தைகூட மேலே இருந்து கைகாட்டுவது குதிரைகள் கட்டியிருக்கும் பக்கம்தான்.

திப்பு காலத்துச் சந்தையா?

அந்தியூரில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில் வரும். “திப்பு சுல்தான் காலத்துச் சந்தைங்க. படைக்குக் குதிரை வாங்க இங்கதான் வருவாங்களாம்.” தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் செவிவழிச் செய்தி இது. ஆனால் ஊரின் இருப்பிடத்தைப் பார்த்தால் இந்தக் கதை ஏன் இங்கே வேர்பிடித்தது என்பது புரியும். மைசூர்ச் சீமைக்கும் கொங்குச் சமவெளிக்கும் நடுவில், மலைப்பாதை இறங்கும் இடத்தில் அந்தியூர் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் ஹைதர் அலியும் திப்புவும் ஆங்கிலேயரோடு மோதியபோது கொங்கு நாடு முழுவதும் படைகள் போய்வந்த நிலம். அந்தியூரில் ஒரு பழைய கோட்டையின் மிச்சமும் உண்டு.

தமிழ்நாட்டுக்குக் குதிரை எப்போதுமே வெளியிலிருந்து வந்த விருந்தாளிதான். காவிரிப்பூம்பட்டினத்தில் கடல்வழியே குதிரைகள் வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டைப் பார்த்த மார்க்கோ போலோ, அரபுக் கரைகளிலிருந்து குதிரைகள் கப்பல் கப்பலாக வந்ததையும், அவற்றைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாததால் பல குதிரைகள் செத்துப்போனதையும் எழுதிவைத்தார்.

குதிரை வாங்கப்போன கதை என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருபவர் மாணிக்கவாசகர். பாண்டியன் கொடுத்த பணத்தோடு குதிரை வாங்கக் கிளம்பியவர், திருப்பெருந்துறையில் கோயில் பணியில் அதைச் செலவழித்தார். சிவபெருமானே குதிரை வியாபாரியாக வந்து நரிகளைப் பரிகளாக்கி ஒப்படைத்தார். அன்றிரவே அவை மறுபடி நரிகளாகி ஊளையிட்டன. அந்தத் திருப்பெருந்துறைதான் இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயில். பகலில் ஒன்றைக் காட்டி, வீட்டுக்குப் போனதும் இன்னொன்றாக மாறும் சரக்கு குறித்த பயம் குதிரை வாங்குகிறவர்களிடம் இன்றைக்கும் இருக்கிறது. சந்தையில் சுற்றும் பாதிப் பேச்சு அதைப் பற்றியதுதான்.

நமக்கென்று ஓர் இனம் இல்லை

மாட்டில் தமிழ்நாட்டுக்குக் காங்கேயம், உம்பளாச்சேரி, பர்கூர், புலிகுளம், ஆலம்பாடி என்று பதிவு பெற்ற இனங்கள் வரிசையாக உண்டு. குதிரையில் ஒன்றுகூட இல்லை. நாட்டில் பதிவு பெற்ற குதிரை இனங்கள் ராஜஸ்தானின் மார்வாரி, குஜராத்தின் கத்தியவாரி, கட்ச் பகுதியின் கட்சி-சிந்தி, இமயமலைப் பக்கத்தின் ஸ்பிட்டி, ஜான்ஸ்காரி, பூட்டியா, போலோ விளையாட்டுக்குப் பேர்போன மணிப்பூரி ஆகியவை. அண்மையில் மகாராஷ்டிரத்தின் பீம்தடியும் இந்தப் பட்டியலில் சேர்ந்தது.

அந்தியூருக்கு வரும் குதிரைகளில் விலையும் மதிப்பும் அதிகம் உள்ளவை மார்வாரியும் கத்தியவாரியும். அடையாளம் கண்டுபிடிப்பது எளிது. காதைப் பாருங்கள். உள்பக்கமாக வளைந்து, இரண்டு நுனிகளும் ஒன்றையொன்று தொடுவது போல நின்றால் அது இந்த இரண்டில் ஒன்று. உலகத்தில் வேறு குதிரைக்கு இப்படி ஒரு காது அமைப்பைப் பார்ப்பது அபூர்வம்.

இவை தவிர, கலப்பில் பிறந்த நாட்டுக் குதிரைகள், குட்டையான மட்டக்குதிரைகள், பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற உயரமான தரோபிரெட்கள் என்று எல்லாம் வரும். நிறத்துக்கு ஏற்ப பெயரும் விலையும் மாறும். உடம்பு முழுக்க வெள்ளையாக, தோல் ரோஸ் நிறத்தில் இருந்தால் நுக்ரா. நான்கு கால்களும் நெற்றிப் பட்டையும் வெள்ளையாக இருந்தால் பஞ்ச கல்யாணி. கல்யாண மாப்பிள்ளை ஊர்வலத்துக்கும் சாமி ஊர்வலத்துக்கும் வெள்ளைக் குதிரைக்குத்தான் கிராக்கி.

உயரம் எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? தலையைச் சேர்ப்பதில்லை. குதிரை தலையை ஆட்டிக்கொண்டே இருக்குமே! கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் உள்ள மேட்டிலிருந்து தரை வரை அளப்பார்கள். ஆங்கிலேயர் விட்டுப்போன கணக்கில் இதற்கு ‘ஹேண்ட்’ என்று பெயர். ஒரு ஹேண்ட் என்றால் 4 அங்குலம். நல்ல மார்வாரி ஒன்று பதினாலரை முதல் பதினைந்தரை ஹேண்ட் வரை, அதாவது சுமார் 58 முதல் 62 அங்குலம் உயரம் இருக்கும். பெரிய குதிரையும் இல்லை, மட்டமும் இல்லை. நடுவாந்திரம். இந்த அளவுக்கு இங்கிலாந்தில் ஒரு தனிப் போட்டியே இருக்கிறது. அதைக் கொஞ்சம் கழித்துப் பார்ப்போம்.

வாயைத் திற, வயசைச் சொல்!

“ஏனுங்ண்ணா, என்ன வயசுங்க?”

“நாலு பல்லுங்க.”

சந்தையில் வயதைக் கேட்டால் பதில் இப்படித்தான் வரும். குதிரைக்கு முன்வாயில் மேலே ஆறு, கீழே ஆறு வெட்டுப்பற்கள். சுமார் இரண்டரை வயதில் நடுவில் உள்ள ஜோடிப் பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும். மூன்றரை வயதில் அடுத்த ஜோடி, நாலரையில் ஓரத்து ஜோடி. ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். அதற்குப் பிறகு பல் தேய்மானத்தையும், பல் முன்னோக்கிச் சாய்வதையும் வைத்துத்தான் கணிக்க வேண்டும். பன்னிரண்டு வயதைத் தாண்டினால் கைதேர்ந்தவர்கள் சொல்வதும் உத்தேசம்தான். ‘தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே’ என்பார்கள். காசு கொடுத்து வாங்கும் குதிரையைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அடுத்தது சுழி. உடம்பில் ரோமம் சுழன்று நிற்கும் இடங்களை வைத்து ராசி பார்க்கும் வழக்கம் ராஜஸ்தானிலும் உண்டு, கொங்கு நாட்டிலும் உண்டு. தொண்டைப் பகுதியில் இருக்கும் சுழிக்கு வடக்கே ‘தேவமணி’ என்று பெயர். அது இருந்தால் மற்ற குறையெல்லாம் அடிபட்டுப்போகும் என்பது நம்பிக்கை. கண்ணுக்குக் கீழே சுழி இருந்தால் முதலாளிக்கு ஆகாது என்பார்கள். சுழி சுத்தமாக இருந்தால் விலை ஏறும். ஒரு சுழி இடம் மாறி இருந்தால், எவ்வளவு நல்ல குதிரையானாலும் பத்துப் பேர் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

இங்கேதான் சிக்கல். சுழி குதிரையின் காலைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மூச்சைப் பற்றியும் வயிற்றைப் பற்றியும் சொல்லாது. முதன்முதலாகக் குதிரை வாங்க வரும் ஒரு குடும்பம், சேர்த்துவைத்த பணத்தைச் சுழிக்கும் நிறத்துக்கும் கொட்டிவிட்டு, நொண்டுகிற குதிரையோடு வீட்டுக்குப் போகக்கூடும். நல்ல உழைப்பாளிக் குதிரை ஒன்று, நெற்றியில் ஒரு மயிர்ச்சுழல் தவறான இடத்தில் இருந்ததற்காகக் கடைசி நாளில் அடிமாட்டு விலைக்குப் போகவும் கூடும்.

அனுபவசாலிகள் பார்க்கும் முறை வேறு. அவர்கள் கீழேயிருந்து மேலே பார்ப்பார்கள். முதலில் குளம்பு. விரிசல் இருக்கிறதா? நான்கும் ஒரே அளவா? சூடு தெரிகிறதா? லாடம் ஒரே சீராகத் தேய்ந்திருக்கிறதா? பிறகு முழங்கால், கணுக்கால் வீக்கம். அதன் பிறகு, “கொஞ்சம் நடத்திக் காட்டுங்க” என்பார்கள். கெட்டியான தரையில் நேராகப் போகவிட்டு, நேராகத் திரும்பி வரச் சொல்வார்கள். அடுத்து மெதுவோட்டம். முன்காலில் வலி இருந்தால், அந்தக் கால் தரையைத் தொடும்போது குதிரை தலையைத் தூக்கும். நல்ல கால் ஊன்றும்போது தலை தாழும். தாளம் தப்பும் அந்தத் தலையாட்டலைப் பார்க்கத் தெரிந்தவரைச் சந்தையில் யாரும் ஏமாற்ற முடியாது. கடைசியில் சேணத்தைக் கழற்றச் சொல்வார்கள். முதுகில் புண் இருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும்.

சந்தை நடுவில் ஒரு மேடை

அந்தியூரில் குதிரை சும்மா கட்டிக்கிடக்காது. அதைக் காட்ட வேண்டும். காட்டினால்தான் விலை.

மேளம் ஒலிக்க ஆரம்பித்ததும் கூட்டம் வட்டமாக விலகும். கழுத்தில் மணி, காலில் சலங்கை, பிடரியில் பின்னல், நெற்றியில் குஞ்சம் கட்டிய குதிரை ஒன்று நடுவில் வரும். முன்கால்களை மாற்றி மாற்றி உயர்த்தித் தாளத்துக்கு அடிவைக்கும். தலைகுனிந்து வணக்கம் சொல்லும். சில குதிரைகள் கயிற்றுக் கட்டில் மேல் ஏறி நின்றும் ஆடும். செல்போன்கள் உயரும். பின்னால் நிற்கும் சின்னப் பையன் அப்பாவின் தோளுக்கு ஏறிவிடுவான்.

குதிரையின் நடையை ரசிப்பது தமிழர்களுக்குப் புதிதில்லை. குதிரை நடையை ஐந்து கதிகளாகப் பிரித்துப் பெயர் வைத்தவர்கள் நாம். மார்வாரிக் குதிரைக்கு இயல்பாகவே ‘ரவால்’ என்றொரு நடை உண்டு. அதில் முதுகு குலுங்கவே குலுங்காது. பாலைவனத்தில் நெடுந்தூரம் போகிறவருக்குக் களைப்புத் தெரியாமல் இருக்க வளர்த்தெடுத்த நடை. சந்தையில் இதைக் காட்டும் குதிரையைப் பார்த்தால், ஓட்டுகிறவரின் தலை ஒரே மட்டத்தில் நகர்வதைக் கவனியுங்கள்.

ஆட்டத்திலும் இரண்டு வகை. பொறுமையாக, தட்டிக்கொடுத்து, வெல்லக்கட்டி கொடுத்துப் பழக்கிய குதிரை காதை முன்னால் நீட்டி, கண்ணில் கலக்கம் இல்லாமல் ஆடும். சவுக்கால் பழக்கியது காதைப் பின்னால் மடித்து, வாலைச் சுழற்றிக்கொண்டே ஆடும். வாயோரம் ரத்தக் கசிவு இருந்தால் கடிவாளத்தைப் பாருங்கள். முள் வைத்த கடிவாளம் இந்தியாவில் 1965ஆம் ஆண்டு விதிகளின்படியே தடை செய்யப்பட்டது. கைதட்டுவதற்கு முன்னால் குதிரையின் காதை ஒரு முறை பார்ப்பது என்று கூட்டம் பழகிக்கொண்டாலே, பழக்குகிறவர்களின் முறையும் மாறும்.

ஆட்டக் குதிரை ஒரு பிரிவு என்றால், ரேக்ளாக் குதிரை இன்னொரு பிரிவு. கொங்குப் பகுதியிலும் தென்மாவட்டங்களிலும் கோயில் விழாவையொட்டி நடக்கும் குதிரை வண்டிப் பந்தயங்களின் நோட்டீஸைப் பார்த்தால் ‘பெரிய குதிரை’, ‘சிறிய குதிரை’, ‘புதுக்குதிரை’ என்று தனித்தனியாகப் பரிசுத்தொகை போட்டிருக்கும். உயரத்தை அங்குலக் கணக்கில் அளந்துதான் பிரிப்பார்கள். ஓர் அங்குலம் கூடினால் குதிரை வேறு பிரிவுக்குப் போய்விடும். அதனால் அளக்கும் இடத்தில் நடக்கும் வாக்குவாதம் சில சமயம் பந்தயத்தைவிடச் சுவாரசியமாக இருக்கும்.

ஹிக்ஸ்டெட்டும் அந்தியூரும்

நடுவாந்திரக் குதிரைக்கு இங்கிலாந்தில் தனிப் போட்டி உண்டு என்று பார்த்தோம் அல்லவா? அதன் பெயர் ‘ஸ்மால் ஹண்டர்’. வேட்டைக்கு ஏற்ற உடல்வாகு கொண்ட, 148 சென்டிமீட்டருக்கு மேல் 158 சென்டிமீட்டருக்கு மிகாத குதிரைகளுக்கானது. நம்முடைய மார்வாரி ஏறத்தாழ அதே உயரம்தான்.

1907இல் லண்டன் ஒலிம்பியா அரங்கில் தொடங்கி, இப்போது சசெக்ஸில் உள்ள ஹிக்ஸ்டெட்டில் நடக்கும் ராயல் இன்டர்நேஷனல் ஹார்ஸ் ஷோவில் ஹண்டர் குதிரைகளுக்குப் பல பிரிவுகள். எவ்வளவு எடையுள்ள ஆளைச் சுமக்கும் என்பதை வைத்து லைட்வெயிட், மிடில்வெயிட், ஹெவிவெயிட். பெண்கள் இரண்டு காலையும் ஒரே பக்கம் போட்டு ஓட்டும் சைடு சேடில் பிரிவு. மரக்கட்டை, வேலி போன்ற தடைகளைத் தாண்டிக் காட்ட வேண்டிய ‘ஒர்க்கிங் ஹண்டர்’ பிரிவு. இளம் குதிரைகளைச் சேணம் இல்லாமல் கையில் பிடித்து நடத்திக்காட்டும் பிரிவும் மற்ற கண்காட்சிகளில் உண்டு.

இதில் நம் ஊர்க்காரர்களுக்கு ஆச்சரியம் தரும் விஷயம் ஒன்று இருக்கிறது. ஹண்டர் பிரிவுகளில் நடுவர் தள்ளி நின்று மார்க் போடுவதோடு முடிப்பதில்லை. போட்டிக்கு வந்த குதிரைகள் மீது தானே ஏறி, நடந்து, ஓடிப் பார்க்கிறார்! அதன் பிறகு சேணத்தைக் கழற்றி, கால், முதுகு, குளம்பு எல்லாவற்றையும் பார்க்கிறார். சொந்தக்காரருக்கு மட்டும் அடங்குகிற குதிரை அங்கே ஜெயிக்காது. முன்பின் தெரியாத ஒருவர் ஏறினாலும் நிதானமாகப் போகிற குதிரைதான் முதல் வரிசையில் நிற்கும். மேளக்காரர் கிடையாது, குஞ்சம் கிடையாது. பின்னிய பிடரி, பளபளக்கும் தோல், ஒழுங்கான நடை, அவ்வளவுதான்.

குதிரைமீதேறி நரி வேட்டையாடும் பழக்கம் நம் மண்ணிலும் இருந்தது. ஊட்டியின் வென்லாக் டவுன்ஸ் புல்வெளிகளில் 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர்கள் வேட்டைநாய்க் கூட்டத்தோடு குள்ளநரிகளைத் துரத்தினார்கள். ‘ஊட்டி ஹண்ட்’ என்ற பெயர் அப்படி வந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களை வைத்து நரி வேட்டையாடுவதை 2004ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. வேட்டை போனாலும் ‘ஹண்டர்’ என்ற போட்டிப் பெயர் போகவில்லை. குதிரைப்படை போய் இருநூறு வருஷத்துக்கு மேலாகியும் அந்தியூர்ச் சந்தை நிற்பதைப் போலத்தான் அதுவும்.

ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே போட்டியில் ஜெயிக்க, குதிரை ஆரோக்கியமாக இருந்தே ஆக வேண்டும் என்று விதிமுறை கட்டாயப்படுத்துகிறது. இங்கே அந்தக் கட்டாயம் வாங்குகிறவரின் கண்ணில்தான் இருக்கிறது. உயரத்துக்கு ஒரு பிரிவு, நடைக்கு ஒரு பிரிவு, குட்டிகளுக்கு ஒரு பிரிவு என்று வைத்து, கால்நடை மருத்துவர் ஒருவர் குளம்பையும் பல்லையும் பார்த்து மதிப்பெண் போட்டால், சுழிக்கு ஏறும் விலையில் ஒரு பங்கு காலுக்கும் ஏறும். கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்று இங்கிருந்து வெகுதூரமில்லாத நாமக்கல்லிலேயே இருக்கிறது.

வாங்கிய பிறகுதான் செலவு

குதிரை வாங்குவது கல்யாணம் மாதிரி; முதல் நாள் செலவு பெரிய செலவே இல்லை. மட்டக்குதிரை ஆயிரங்களில் கிடைக்கும். நல்ல மார்வாரிக்கு லட்சங்களில் கேட்பார்கள். அதற்குப் பிறகு வருவதுதான் கணக்கு.

ஒரு குதிரை ஒரு நாளைக்கு 25 முதல் 40 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். வெயில் காலத்தில் இன்னும் அதிகம். புல்லும் வைக்கோலும் நாள் முழுக்க கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே இருக்கும் வயிறு அதற்கு. கொள்ளை ஊறவைத்து, தவிட்டோடு அளவாகக் கொடுக்கலாம். ‘நல்லாத் தின்னட்டும்’ என்று பாசத்தில் ஒரே நேரத்தில் தானியத்தைக் கொட்டினால் ஆபத்து. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உண்டது ஒத்துக்கொள்ளாவிட்டால் வயிற்றுவலி வந்து, சில மணி நேரத்தில் உயிருக்கே உலைவைத்துவிடும். குதிரை தரையில் புரண்டு புரண்டு வயிற்றைத் திரும்பிப் பார்த்தால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

சுமார் ஆறு வாரத்துக்கு ஒரு முறை குளம்பைச் சீவி லாடம் மாற்ற வேண்டும். வாங்கும்போதும் ஊர்விட்டு ஊர் கொண்டுபோகும்போதும் கிளாண்டர்ஸ் நோய்க்கான ரத்தப் பரிசோதனைச் சான்று இருக்கிறதா என்று கேட்க வேண்டும். மனிதர்களுக்கும் தொற்றக்கூடிய, குதிரையைக் கொல்லும் நோய் அது. ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம் இந்தப் பரிசோதனைகளுக்கு நாட்டுக்கே தலைமை இடம்.

ஏறுகிறவரின் எடைக்கும் கணக்கு உண்டு. சேணத்தோடு சேர்த்து, குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. 350 கிலோ குதிரை என்றால் 70 கிலோ. சந்தையில் ‘பத்து நிமிஷம் சவாரி’ போக ஆசைப்படும் பெரியவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளலாம். மூன்று வயதுகூட ஆகாத குட்டி மேல் யாருமே ஏறக்கூடாது. எலும்பு இன்னும் முற்றியிருக்காது.

எண்ணிக்கை சொல்லும் கவலை

2012ஆம் ஆண்டு கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டில் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்த்து சுமார் 6 லட்சத்து 25 ஆயிரம் இருந்தன. 2019 கணக்கெடுப்பில் அது சுமார் 3 லட்சத்து 40 ஆயிரம். ஏழே வருஷத்தில் ஏறத்தாழ 45 சதவீதம் காணாமல் போய்விட்டது. ஜட்கா வண்டி போனது, செங்கல் சூளைச் சுமையும் மலைக்கிராமச் சுமையும் வண்டிகளுக்கு மாறியது. வேலை இல்லாத பிராணியை எத்தனை நாள் ஒரு குடும்பம் வைத்துக் காப்பாற்றும்?

இந்தச் சூழலில் அந்தியூருக்கு வருகிறவர்கள் யார்? கடற்கரையிலும் சுற்றுலாத் தலங்களிலும் சவாரி விடுகிறவர்கள். மாப்பிள்ளை அழைப்புக்கும் சினிமா ஷூட்டிங்குக்கும் குதிரை அனுப்புகிறவர்கள். ரேக்ளா ஓட்டுகிறவர்கள். தாத்தா வைத்திருந்தார் என்பதற்காகவே தோட்டத்தில் ஒரு குதிரை கட்ட ஆசைப்படும் இளைஞர்கள். கொரோனா காலத்தில் சந்தை நின்றபோது இவர்களில் பலருக்கு விற்கவும் வழியில்லை, தீவனத்துக்கும் வழியில்லை. குதிரைக்கு இன்று மிச்சமிருக்கும் வேலைகள் அழகும் ஓட்டமும்தான். அந்த வேலைகளுக்கு நல்ல உடம்பும் நல்ல குணமும் உள்ள குதிரை கிடைத்தால் குடும்பமும் பிழைக்கும், குதிரையும் பிழைக்கும். சந்தையில் எதைப் பார்த்து வாங்குகிறார்கள் என்பது இத்தனை முக்கியமாவது அதனால்தான்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு...

* குதிரைக்கு இரண்டு பக்கமும் கண் இருப்பதால் ஏறத்தாழ சுற்றிலும் தெரியும். பின்னால் நேர்கோட்டிலும் நெற்றிக்கு நேர் முன்னாலும் மட்டும் தெரியாது. பின்பக்கமாகப் போகவே கூடாது. தோள் பக்கமாக, பேசிக்கொண்டே நெருங்க வேண்டும்.

* சொந்தக்காரரைக் கேட்காமல் தொடவோ, தின்பண்டம் கொடுக்கவோ வேண்டாம். கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகவே, “தொட்டுப் பாரு கண்ணு” என்பார்கள். கழுத்தில் தடவலாம், மூக்கில் வேண்டாம்.

* முகத்துக்கு நேராக பிளாஷ் அடித்துப் போட்டோ எடுக்க வேண்டாம்.

* காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் போனால் வெயிலும் குறைவு, கூட்டமும் குறைவு. குதிரைகளைக் குளிப்பாட்டித் தேய்த்துவிடும் நேரமும் அதுதான்.

* ஈரோடு ரயில் நிலையத்திலிருந்து பவானி வழியாக பஸ் வசதி உண்டு. தேர் நாளில் சாலையில் நெரிசல் கடுமையாக இருக்கும். குதிரைகளை நிதானமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் மறுநாள் போவது உத்தமம்.

சந்தையின் கடைசி நாளில் அந்தியூரின் ஓசை மாறிவிடும். மேளம் ஓய்ந்து, லாரிகளின் பின்கதவு இறக்கும் சத்தம் கேட்கும். குதிரை லாரிப் பலகையில் கால்வைக்கத் தயங்கும். புது முதலாளி கயிற்றைப் பிடித்து இழுப்பார். பழைய முதலாளி வந்து அதன் கழுத்தைத் தட்டி ஒரு வார்த்தை சொன்னதும் ஏறிவிடும். “ராத்திரிக்குக் கொள்ளு கம்மியா வைங்க. புது எடம், வயிறு ஒத்துக்காது” என்று அவர் சொல்லி அனுப்புவார். புது முதலாளியின் மகன் அதை அப்படியே செல்போனில் பதிவு செய்துகொள்வான். லாரி பவானி ரோட்டில் திரும்பும்வரை பழையவர் அங்கேயே நிற்பார்.